அந்த விண்ணப்பத்தில் சென்சார் நுழைந்த கதை

"அண்ணா, 'தானியங்கி சென்சார் வழியாக'ன்னு ஒரு வரி சேர்த்துருங்க, கமிட்டி அதைத்தான் பார்க்கும்" என்று சொன்னது நான்தான். போனில், மானியத்துக்கு விண்ணப்பித்த ஒரு சாயக்கழிவுநீர் நிலைய ஊழியரிடம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தத் தண்ணியில சென்சாரு ஒரு வாரம் தாங்காதுங் சார், அது உங்களுக்கே தெரியுமல்லங்க" என்றார். தெரியும். "பேப்பருக்குத்தாண்ணா" என்றேன். "செரிங்" என்றார்.

பேச்சு இவ்வளவுதான். இதில் நான் செய்தது தப்பு என்று யாராவது சொன்னால் இப்போதும் உட்கார்ந்து வாதாடுவேன். அந்த வரி இல்லாமல் அந்த விண்ணப்பம் முதல் சுற்றையே தாண்டியிருக்காது. நான் இருக்கும் இன்குபேட்டரில், அதாவது புதுத் தொழில் முயற்சிகளை வளர்த்துவிடும் அமைப்பில், மத்திய அரசின் மானியத்துக்கு வரும் விண்ணப்பங்களைச் சலித்துக் கமிட்டிக்கு அனுப்புவது என் வேலை. புதுமைக்குத்தான் அதிக மதிப்பெண். ஓடுமா, எத்தனை நாள் ஓடும், ஓட்டுவதற்கு ஆள் யார் என்பதற்கெல்லாம் தனிக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத இடத்தில் நான் என்ன எழுத முடியும்? ஆனாலும் அந்த "செரிங்" அவ்வப்போது காதில் விழுகிறது.

அவர் திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் வந்து சேரும் ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தில், உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றவைக்கும் எவாப்பரேட்டரில் ஷிப்டு பார்க்கிறவர். ஐ.டி.ஐ படிப்பு. சாயத்தண்ணீர் பயாலஜிக்கல் தொட்டி, ஆர்.ஓ எல்லாம் தாண்டி, நல்ல தண்ணீர் பட்டறைக்குத் திரும்பிப் போனபின் மிஞ்சுகிற உப்புக் கரைசல்தான் எவாப்பரேட்டருக்கு வரும். அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம், சிலிக்கா எல்லாம் குழாய்களில் கல்லாகப் படியும். படிந்தால் சூடு ஏறாது, நீராவி அதிகம் தின்னும், கடைசியில் நிறுத்திவைத்து ஆசிட் விட்டுக் கழுவ வேண்டும். கழுவுகிற நேரத்தில் கரைசல் தொட்டி நிரம்பும், தொட்டி நிரம்பினால் பட்டறைகளுக்குப் போன் போட்டுத் தண்ணீர் அனுப்பாதீர்கள் என்று சொல்ல வேண்டும், அனுப்பாவிட்டால் அங்கே மெஷின் நிற்கும். அந்த நேரத்தில் ஆர்டர் வைத்திருக்கும் ஒருவர் சாயத்தண்ணீரை ஆற்றில் திறந்துவிட எப்படித் துணிவார் என்று நொய்யல் கரையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு அவர் கண்டுபிடித்தது ஒரு மெஷின் இல்லை, ஒரு நோட்டு. ஷிப்டுக்கு ஒரு தடவை கரைசலில் கொஞ்சம் எடுத்து ஈ.டி.டி.ஏ என்ற ரசாயனத்தை விட்டுக் கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று பார்ப்பார். பள்ளிக்கூட லேபில் எல்லாரும் செய்ததுதான், ஒயின் சிவப்பு நீலமாக மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஆனால் சாயக் கரைசல் ஏற்கெனவே பழுப்பாக இருக்கும்போது சிவப்பு எங்கே, நீலம் எங்கே? அதற்கு அவர் எவாப்பரேட்டரிலிருந்தே குளிர்ந்து விழுகிற தண்ணீரைப் பிடித்து, கரைசலைப் பத்து மடங்குக்கு நீர்க்க வைத்துவிடுவார். அதுவும் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் ஒன்றைப் பின்னால் பிடித்துக்கொண்டு. வருகிற அளவுக்கு ஏற்ப எத்தனை மூட்டை சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) போடுவது என்று ஒரு கணக்கு. சாயம் பிடிப்பதற்கே சோடா ஆஷ் போடுகிற ஊர் என்பதால் பொருளுக்குப் பஞ்சமில்லை. கலக்கி, கல்லாகப் படியக்கூடியது அடியில் அடங்க விட்டு, மேல்தண்ணீரை மட்டும் எவாப்பரேட்டருக்கு விடுவார். குளிர்ந்து விழும் தண்ணீரின் அளவு கொஞ்சம் குறைந்ததுமே, அடைக்கும்வரை காத்திருக்காமல், லேசாக ஒரு கழுவு. நோட்டில் இடது பக்கம் கடினத்தன்மை, மூட்டை எண்ணிக்கை. வலது பக்கம் நீராவி மீட்டர். அவர் ஷிப்டுக்கும் மற்ற ஷிப்டுகளுக்கும் மீட்டரில் இருந்த வித்தியாசத்தை நானே பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இதைக் கமிட்டியில் வைத்தால் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். சோடா ஆஷ் போட்டுக் கடினத்தன்மையைக் குறைப்பது நூறு வருடத்துக்கு மேல் பழைய ரசாயனம், இதில் புதுமை எங்கே? அவர்கள் சொல்வது சரியும்கூட. அரசாங்கப் பணத்தை ஏன் தெரிந்த விஷயத்துக்குக் கொடுக்க வேண்டும்? இது இப்படி லாபம் தருமானால் நிலையமே செலவு செய்துகொள்ளட்டும். மாசுபடுத்துகிறவரே செலவை ஏற்க வேண்டும் என்பதுதானே கொள்கை, சோடா ஆஷ் மூட்டைக்கு டெல்லியிலிருந்து ஏன் பணம் வர வேண்டும்? தெரியாத விஷயத்தில், தோற்றுப்போக வாய்ப்புள்ள விஷயத்தில் தனியார் கை வைக்க மாட்டார்கள், அங்கேதான் அரசு இறங்க வேண்டும். இந்த வாதத்தை நான் பயிற்சி வகுப்புகளில் ஒப்பித்திருக்கிறேன், இன்னும் நம்புகிறேன்.

நம்புவதற்குக் காரணமும் உண்டு. நம் நிலையங்களின் ஷெட்டுகளில் கலப்பு உப்பு மலையாகக் கிடக்கிறதே, சோடியம் சல்பேட்டைப் பிரித்து எடுத்தபின் மிஞ்சுகிற அந்த அழுக்கு உப்பு, அதை என்ன செய்வது என்று எந்த நோட்டிலும் பதில் இல்லை. அதற்கு யாராவது புதிதாக ஏதாவது கண்டுபிடித்தே ஆக வேண்டும், அதற்கு மானியம் வேண்டும். அடியில் தங்கும் சேறான ஸ்லட்ஜையாவது சிமென்ட் ஆலைக்கு அனுப்பலாம். கலப்பு உப்பை வாங்க ஆளில்லை.

ஆனால் திருப்பூரை மாற்றியது மானியமா என்று யோசித்தால் எனக்குக் குழப்பம் வருகிறது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொது நிலையங்களையும் மூடச் சொல்லி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. ஊரே நின்றது. அதற்குப் பிறகுதான் தமிழக அரசின் 200 கோடி வட்டியில்லாக் கடன் வந்தது, அருள்புரத்தில் உப்புக் கரைசலையே மறுபடி சாயத்துக்குத் திருப்பும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள், மற்றதெல்லாம் நடந்தது. முதலில் பயம், அப்புறம்தான் பணம். இந்த வரிசையை மாற்றிப்போட்டு, பணத்தைக் கொடுத்தால் புதுமை தானாக வரும் என்கிற மாதிரி நாங்கள் ஸ்லைடு போடுகிறோம்.

பணம் ஒதுக்குவதும் பணம் போய்ச் சேருவதும் வேறு வேறு என்பதற்கு வேறு உதாரணமே வேண்டாம், தேசிய தூய ஆற்றல் நிதியைப் பாருங்கள். 2010இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் வரி போட்டு ஆரம்பித்தார்கள், 2016இல் அது 400 ஆனது. தூய ஆற்றல் தொழில்நுட்பத்தில் ஆராய்ச்சிக்கும் புதுமையான திட்டங்களுக்கும் என்றுதான் நிதியின் நோக்கத்தில் எழுதியிருந்தது. 86,000 கோடிக்கு மேல் வசூலானதில் நிதிக்குப் போனது 30,000 கோடிக்கும் குறைவு, அதிலும் செலவானது சுமார் 16,000 கோடி. 2017இல் அந்த வரி ஜி.எஸ்.டி இழப்பீட்டு வரியில் கரைந்தது. இதைச் சொல்லி நான் என் போன் பேச்சை நியாயப்படுத்துகிறேனா என்று தெரியவில்லை. மேலே அவ்வளவு பெரிய ஓட்டை இருக்கும்போது கீழே ஒரு வரியைத் திருத்தச் சொன்னதற்கு என்ன பெரிய வருத்தம் என்று ஒரு மனது சொல்கிறது. இன்னொரு மனது, ஓட்டைகள் எல்லாமே இப்படித்தான் விழுகின்றன, ஒவ்வொருவரும் ஒரு வரி என்று பதில் சொல்கிறது.

மானியம் கிடைத்தது. பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக, தவணைகளில். அவர் மகள் கணக்கு வைத்துக்கொண்டாள், ஒரு ரூபாய் பிசகவில்லை. சிக்கல் என்னவென்றால், விண்ணப்பத்தில் சென்சார் என்று எழுதியாயிற்று, எனவே பட்ஜெட்டில் பெரும்பகுதி கருவி என்ற தலைப்பில் உட்கார்ந்துகொண்டது. கருவிக்கென்று வந்த பணத்தில் சோடா ஆஷ் வாங்க முடியாது. ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்ற அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினோம், 'அங்கீகரிக்கப்பட்ட நோக்கத்திலிருந்து விலகல்' என்று பதில் வந்தது. ஆகவே சென்சாராகக் கால்சியத்தை அளக்கும் எலெக்ட்ரோடு வாங்கினார், சோடாவை அளந்து விடும் டோசிங் பம்ப் வாங்கினார், கண்ட்ரோல் பெட்டி ஒன்று. அவ்வளவு உப்பில் எலெக்ட்ரோடு சரியாக அளக்காது என்பது ஒரு பக்கம். அதன் முனையில் பழுப்பாக ஒரு படலம் பிடித்துக்கொள்ளும், ஷிப்டுக்கு ஒரு தடவை ஆசிட்டில் நனைத்துத் துடைக்க வேண்டும். அவர் துடைத்தார். நான் போன அன்று துடைத்துக்கொண்டேதான் பேசினார், பஞ்சை வைத்து, முனை கீறாமல், அவசரமே இல்லாமல். பக்கத்தில் பழைய டெஸ்ட் டியூப் ஸ்டாண்டும் இருந்தது. அதையும் பார்த்துச் சரிசெய்துகொண்டுதான் பம்பை ஓட்டினார். ஆள் இல்லாத நாளில் பம்ப் தன் இஷ்டத்துக்கு சோடாவைக் கொட்டிவிட்டது, ஸ்லட்ஜ் கூடிப்போனது, மேனேஜர் வந்து கழற்றச் சொன்னார்.

இதுவரை எனக்குப் பெரிய உறுத்தல் இல்லை. முன்மாதிரிகள் தோற்பது சகஜம், அதற்காகத்தான் அது முன்மாதிரி. மத்திய அரசின் நிதி விதிகளான ஜி.எஃப்.ஆரின் 12ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்தது, கோப்பு சுத்தம். உறுத்துவது வேறு. நிலையத்துக்காரர்கள் பார்வையில் 'அந்த கவர்மென்ட் ப்ராஜெக்ட்' தோற்றுவிட்டது. நோட்டும் சென்சாரும் அவர்களுக்கு ஒன்றுதான். முன்பு யாரும் கேட்காமல் அவர் ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்த சோடா ஆஷ் மூட்டைகளுக்கு இப்போது, "அதான் சரிப்படலையே" என்று கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். மானியத்துக்கு விண்ணப்பிக்காமல் இருந்திருந்தால் அந்த ஒரு ஷிப்டாவது பழையபடி ஓடியிருக்கும்.

ஓடியிருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. அவர் ஓய்வு பெற்றால் நோட்டும் அவரோடு போயிருக்கும். அதை ஒரு பொருளாக மாற்றினால்தான் நான்கு நிலையங்களுக்குப் போகும் என்பதுதான் நாங்கள் அவரைத் தேடிப் போனதற்கே காரணம். அது கெட்ட காரணமா? இந்த இடத்தில் யோசனை நின்றுவிடுகிறது. நல்லதை நினைத்து, விதிப்படி நடந்து, யாரும் காசு தின்னாமல், கடைசியில் ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோயிருக்கிறது. யாரைத் திட்டுவது என்று எனக்குப் புரியவில்லை. யாராவது லஞ்சம் வாங்கியிருந்தால்கூடக் கதை சுலபமாக இருந்திருக்கும்.

அவரோ யாரையும் திட்டவில்லை. போன மாதம் அவரே கூப்பிட்டார். "அடுத்த அப்ளிகேஷன் எப்பங் சார் கூப்புடறாங்க? இந்த வாட்டி கேமராங்க. டியூப்ல கலர் மாறுறத செல்போன் கேமராவே பாத்துச் சொல்லிப்போடுமுங்க, எலெக்ட்ரோடு தண்ணியில படவே வேண்டாம்" என்றார். நான் பதில் தேடுவதற்குள், "ஏஐ-ன்னு போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று பிடிபடவில்லை. மோசம் என்னவென்றால் யோசனை நல்ல யோசனை. கேமரா கரைசலைத் தொடாது, நீர்க்கவைத்த டெஸ்ட் டியூபைத்தான் பார்க்கும், நிறம் மாறும் இடத்தைக் கண்டுபிடிப்பதில் அனுபவம் இல்லாத ஆளுக்கும் கைகொடுக்கும். எங்கள் படிவத்துக்காக வளைந்து வளைந்து அவர் உண்மையிலேயே புதிதான ஒன்றில் வந்து நிற்கிறாரோ என்னவோ. அப்படியானால் மானியம் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று நான் சொல்லிக்கொள்ளலாம், சோடா ஆஷ் மூட்டைகளை மறந்துவிட்டு.

2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒரு லட்சம் கோடிக்கு ஆராய்ச்சி, புதுமை நிதி என்று ஒப்புதல் கொடுத்ததிலிருந்து எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரு சுறுசுறுப்பு. அந்தப் பணம் எங்கள் அளவு ஆட்களுக்கானதே இல்லை, அது தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோலில் நாலாம் படியிலோ அதற்கு மேலோ இருக்கும் தொழில்நுட்பங்களுக்கு. இருந்தாலும் மேலே மழை பெய்தால் கீழே கொஞ்சம் கசியும் என்ற நம்பிக்கையில் படிவங்களைப் புதுப்பிக்கிறார்கள். நானும் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், மானியம் முடிந்தபின் ஓட்டுச் செலவை யார் தருவார் என்று. வரைவிலேயே எடுத்துவிட்டார்கள்.

அவருடைய புது விண்ணப்பத்தை நேற்று ராத்திரி வாசித்தேன். ஏஐ என்ற வரியை நான் சேர்க்கவும் இல்லை, அவர் எழுதியிருந்ததை எடுக்கவும் இல்லை. பட்ஜெட்டில் மட்டும் கை வைத்தேன். கருவித் தலைப்பைக் குறைத்து, ஈ.டி.டி.ஏ, சோடா ஆஷ், டெஸ்ட் டியூப் எல்லாவற்றையும் நுகர்பொருள் தலைப்பில் ஒரு வருடத்துக்கு எழுதி, நிலையத்திடமிருந்து ஒரு ஒப்புதல் கடிதமும் கேட்டிருக்கிறேன். ஒரு கேமராவுக்கு இத்தனை மூட்டை சோடா எதற்கு என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். கூட்டம் அடுத்த வாரம்.