கணக்கில் வராத எட்டுப் பேர்

ஆம்ஸ்டர்டாமில் நான் கணக்கு பார்க்கும் அலுவலகம், கால்வாய் ஓரத்துப் பழைய வீடு ஒன்றில் இருக்கிறது. தரையெல்லாம் மரப்பலகை. மேல் மாடியில் யாராவது நாற்காலியை இழுத்தால் என் தலைக்கு மேல் கேட்கும். என் மேசைக்குப் பின்னால் சுவருக்குள் கழிவறைக் குழாய் இறங்குகிறது. மேலே தண்ணீர் விட்டால் போனில் என்னோடு பேசுகிறவருக்கே கேட்டுவிடும். வந்த புதிதில் எரிச்சலாக வரும். இதே ஊரில் ஆன் பிராங்க் ஒளிந்திருந்த கட்டிடமான பிரின்சன்கிராக்ட் 263-ஐப் பார்த்துவிட்டு வந்த பிறகு, அந்தச் சத்தம் கேட்டால் என்னையறியாமல் மணி பார்க்கிறேன்.

டைரி எழுதிய யூதச் சிறுமி ஆன் பிராங்கின் குடும்பம் நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்தது என்றால் ஏதோ ஒரு பரண் என்றுதான் நினைத்திருந்தேன். அது நடந்துகொண்டிருந்த ஓர் ஆபீஸின் பின்கட்டு. ஜாம் இறுகப் போடும் பெக்டினும், இறைச்சிக்கான மசாலாவும் விற்ற கம்பெனிகள். முதலாளி ஆனின் அப்பா ஓட்டோ பிராங்க். யூதர் தொழில் நடத்தக் கூடாது என்று, நெதர்லாந்தைப் பிடித்திருந்த ஜெர்மானியர் சட்டம் போட்டதும், காகிதத்தில் மட்டும் ஊழியர்கள் பெயருக்கு மாற்றினார். 1942 ஜூலை 5 அன்று மூத்த மகள் மார்கோட்டை முகாமுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. மறுநாளே பின்கட்டுக்குப் போய்விட்டார்கள். அப்புறம் வான் பெல்ஸ் வீட்டார் மூவரும் ஒரு பல் மருத்துவரும் சேர, மொத்தம் எட்டுப் பேர்.

முன்பக்க ஆபீஸில் வேலை பார்த்த குக்லர், க்ளைமன், மீப், பெப் ஆகிய நால்வருக்கும் விஷயம் தெரியும். கீழே கிடங்குப் பொறுப்பில் இருந்தவர் பெப்பின் அப்பா. பின்கட்டு வாசலை மறைத்த புத்தக அலமாரி அவர் செய்ததுதான். அதில் அடுக்கியிருந்தவை ஆபீஸ் ஃபைல்கள். ஆபீஸில் யார் கண்ணையும் உறுத்தாத பொருள் அதைவிட வேறென்ன? அவர் 1943-ல் நோயில் விழ, அந்த இடத்துக்கு வந்த புது ஆளிடம் எதுவும் சொல்லவில்லை. காலையில் கிடங்கு திறந்ததிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை மேலே ஷூ கிடையாது, குழாயைத் திறப்பது கிடையாது. மதியம் கிடங்கு ஆட்கள் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் மூச்சு விடலாம்.

சரி, எட்டுப் பேர் சாப்பாட்டுச் செலவை எந்தக் கணக்கில் எழுதினார்கள்? என் தொழில் புத்தி அங்கேதான் போனது. ரேஷன் கூப்பன்களை மீப்பின் கணவர் தலைமறைவு இயக்கத்தின் வழியாக வாங்கி வந்தார். கையில் காசு வேண்டுமே, அதற்காக குக்லர் மசாலாவில் கொஞ்சத்தைப் பில் போடாமல் விற்றார். பில் இல்லாத விற்பனையைத் தேடிப் பிடிப்பதுதான் எனக்குச் சம்பளம். அந்த ஒரு கணக்கில் மட்டும் என் கண்ணில் எதுவும் படாமல் போயிருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

இரண்டு வருடம் தாண்டியும் ஓடியது. 1944 ஆகஸ்ட் 4 காலையில் போலீஸ் வந்தது. எட்டுப் பேரோடு குக்லரையும் க்ளைமனையும் கொண்டுபோனார்கள். தரையில் சிதறிக் கிடந்த ஆனின் டைரித் தாள்களை மீப்பும் பெப்பும் பொறுக்கி எடுத்தார்கள். மீப் அவற்றைப் படிக்காமல் தன் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தார். படித்திருந்தால் எரித்திருப்பேன் என்று பின்னாளில் சொன்னார். உதவியவர்களின் விவரமெல்லாம் அதில் இருந்ததாம். ஆபீஸை மூடவில்லை. ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டதும் மீப்தான். எட்டுப் பேரில் ஓட்டோ மட்டும் 1945 ஜூனில் திரும்பினார். மகள்கள் இருவரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் இழுப்பறை திறந்தது.

அந்தத் தாள்களில் ஓரிடத்தில் ஆன் பெருமையாக எழுதியிருக்கிறாள்: பெப் தனக்கும் மார்கோட்டுக்கும் ஆபீஸ் வேலை தருகிறார், கடிதங்களை ஃபைலில் கோக்கிறோம், விற்பனைப் புத்தகத்தில் பதிகிறோம், அதையும் வெகு சுத்தமாகச் செய்கிறோம் என்று. பின்கட்டில் ஒளிந்திருந்தபடியே, பதினான்கு வயதுப் பெண்ணும் அக்காவும் கம்பெனி விற்பனையை வரிவரியாக எழுதியிருக்கிறார்கள். ஓர் ஆடிட்டர் அந்தப் பக்கங்களைப் புரட்டியிருந்தால், கூட்டல் சரியா என்று பார்த்துவிட்டுப் பென்சிலால் ஒரு டிக் போட்டிருப்பார்.