அடியில் சுருளும் நூல்: அத்தையின் தையல் மிஷினைச் சரிசெய்த கதை

அத்தை திருமணத்தின்போது கொண்டுவந்த கால்மிதி தையல் மிஷினைப் போன மாதம் எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தேன். பல ஆண்டுகள் மூடியே கிடந்தும் வீல் தடையில்லாமல் சுழன்றது. ஆனால் பழைய வேட்டித் துணியில் ஒரு சாண் தைப்பதற்குள் அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு நின்றது. மேற்பக்கம் பார்த்தால் தையல் ஒழுங்காகவே தெரிந்தது.

அடியில்தானே சிக்குகிறது என்று முதல் இரண்டு நாட்களும் அடி நூல் சுற்றிய சிறு உருளையான பாபினோடு போராடினேன். பாபின் உட்காரும் உலோகக் கூடான பாபின் கேஸின் சிறு திருகைக் கால் சுற்று இறுக்கினேன், தளர்த்தினேன், மாற்றமே இல்லை. திருகின் பிளவு முன்பு எந்தப் பக்கம் இருந்தது என்று வரைந்து வைத்திருந்ததால் பழைய நிலைக்கே திருப்ப முடிந்தது. பிறகு நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டேன். தானாக இறங்கவில்லை, லேசாக உதறினால் மட்டும் கொஞ்சம் இறங்கி நின்றது. அந்த இறுக்கம் சரியானதுதான்.

மூன்றாம் நாள்தான் புரிந்தது. ஒவ்வொரு தையலுக்கும் மேல் நூல் கீழே போய்ப் பாபின் கேஸைச் சுற்றிவிட்டு மேலே திரும்ப வேண்டும். மேலே அதை இறுக்கிப் பிடிக்க ஒன்றுமில்லை என்றால் மிச்ச நூல் துணிக்கு அடியிலேயே தங்கிவிடும். துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷினின் பாதத்தை இறக்கி வைத்து மேல் நூலை இழுத்தேன். ஊசி வளையும் அளவுக்குத் தடை இருக்க வேண்டும்; எனக்கோ தடையே இல்லாமல் வந்தது.

மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் பகுதியைக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாள் மேல் அடுக்கினேன். இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே வெல்லப் பாகு இறுகியது போல ஒரு பழுப்புக் கட்டி, அதில் நீலமும் சிவப்புமாகப் பஞ்சு இழைகள். தகடுகள் ஒன்றையொன்று தொடவே அது விடவில்லை. மிஷின் எண்ணெய் தீர்ந்த நாட்களில் தேங்காய் எண்ணெய் விட்டதுண்டு என்று அத்தை போனில் சொன்னார். நாளாக நாளாகப் பிசினாகிவிடும் எண்ணெய் அது. தயவுசெய்து எந்த மிஷினுக்கும் விடாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அரை மணி நேரம் தேய்த்த பிறகு தகடுகள் பளபளத்தன. அடுப்பு எரியாத இடத்தில் இந்த வேலையைச் செய்யுங்கள்.

மறுபடி நூல் கோக்கும்போது பாதத்தைத் தூக்கி வைத்தேன். அப்போதுதான் தகடுகள் விலகி நூல் நடுவில் போய் உட்காரும்.

சுருள் நின்றது. ஆனால் நான்கைந்து தையலுக்கு ஒன்று விட்டுப்போனது. காரணம் ஊசி. மழுங்கிய பழையதை எடுத்துவிட்டு 14ஆம் எண் ஊசியை முழுவதும் மேலே தள்ளி மாட்டினேன். நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூலைக் கோக்க வேண்டும்; முதலில் நான் எதிர்ப்பக்கம் கோத்திருந்தேன்.

நேற்று இரண்டு தலையணை உறைகள் தைத்தேன். அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு முடிச்சு இல்லை. பாபினில் நூல் சுற்றும் ரப்பர் வளையம் மட்டும் காய்ந்து வழுக்குகிறது. புதியது வாங்கும்வரை கையாலேயே சுற்றிக்கொள்கிறேன்.