பயாப்சி ரிப்போர்ட்டில் பி16: ஒரே புரதம், இரண்டு கதை

தலை, கழுத்துப் புற்றுநோய்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஸ்குவாமஸ் செல் கார்சினோமாதான், அதாவது வாய், தொண்டையின் உள்தோலில் உள்ள தட்டையான செல்களில் தொடங்கும் புற்று. பெயர் ஒன்றாக இருந்தாலும் மரபணு மட்டத்தில் இவை இரண்டு வெவ்வேறு நோய்கள். ஒன்று புகையிலை, மது, பாக்கு ஆகியவற்றால் வருவது. மற்றது எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா) வைரஸால், பெரும்பாலும் அதன் 16ஆம் வகையால் வருவது. பயாப்சி ரிப்போர்ட்டில் நோயாளிகளை அதிகம் குழப்பும் 'பி16 பாசிட்டிவ்' என்ற வரி புரிய வேண்டுமானால் இந்தப் பிரிவினை தெரிந்திருக்க வேண்டும்.

செல் கட்டுப்பாடின்றிப் பிரியாமல் இருக்க இரண்டு முக்கியமான பிரேக் புரதங்கள் உண்டு. முதலாவது பி53. டிஎன்ஏ சேதமானால் இது செல் பிரிவதை நிறுத்தும். சேதம் சரியாகாவிட்டால் செல்லையே சாகடிக்கும். இரண்டாவது ஆர்பி. செல் பிரிவைக் கிளப்பிவிடும் இ2எஃப் என்ற புரதத்தை இது பிடித்து வைத்திருக்கும். சைக்ளின் டி1 புரதமும் சிடிகே4/6 என்சைமும் சேர்ந்து ஆர்பியின் பிடியைத் தளர்த்தும். அந்த என்சைமைத் தடுப்பதுதான் பி16இன் வேலை.

புகையிலை இந்தப் புரதங்களை உருவாக்கும் மரபணுக்களையே உடைக்கிறது. புகையில் உள்ள பென்சோபைரீன் உடலுக்குள் உருமாறி டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினில் ஒட்டிக்கொள்ளும். மெல்லும் புகையிலையில் என்என்என், என்என்கே என்ற நைட்ரோசமைன் வேதிப்பொருட்கள் அதே வேலையைச் செய்கின்றன. மது அசிட்டால்டிஹைடாக மாறி டிஎன்ஏவைத் தாக்கும். அதை அகற்றும் ஏஎல்டிஹெச்2 என்சைம் பிறவியிலேயே பலவீனமாக இருப்பவர்கள் குடித்தால் அபாயம் இன்னும் கூடும். மதுவும் புகையும் சேர்ந்தால் அபாயம் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. 9ஆம் குரோமோசோமில் பி16 பகுதி தொலைவது பெரும்பாலும் ஆரம்பக் கட்டத்திலேயே நடந்துவிடும். பிறகு பி53 கெடும், சைக்ளின் டி1 மரபணு பல பிரதிகளாகப் பெருகும். வரிசை ஆளுக்கு ஆள் மாறலாம். எத்தனை கோளாறு சேர்ந்தது என்பதுதான் முக்கியம். 279 கட்டிகளை ஆராய்ந்து 2015இல் வெளியான டிசிஜிஏ (புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம்) ஆய்வில், எச்பிவி இல்லாத கட்டிகளில் 80 சதவீதத்துக்கு மேல் பி53 மரபணு கெட்டிருந்தது.

வைரஸ் இந்த மரபணுக்களை உடைப்பதில்லை, அவை உருவாக்கும் புரதத்தை ஒழிக்கிறது. அதன் இ6 புரதம் பி53ஐச் சிதைவுக்கு அனுப்புகிறது. இ7 ஆர்பியை முடக்குகிறது. ஆர்பி போனதும் செல் பதறிப்போய் பி16ஐ ஏராளமாக உற்பத்தி செய்யும். ஆனால் பி16 காப்பாற்ற வேண்டிய ஆர்பியே அங்கே இல்லை. முதல் வகையில் தொலைந்துபோகும் அதே பி16 இரண்டாவது வகையில் குவிந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். டான்சில், அடிநாக்கு ஆகிய இடங்களை வைரஸ் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. டான்சில் குழிகளின் உள்தோல் இயல்பிலேயே இடைவெளி விட்டுப் பின்னப்பட்டது. காயம் இல்லாமலே வைரஸ் அடிச்செல்களை எட்டிவிடும்.

இனி ரிப்போர்ட். கட்டிச் செல்களில் குறைந்தது 70 சதவீதத்தில் உட்கருவும் சைட்டோபிளாசமும் நன்றாகச் சாயமேறினால்தான் பி16 பாசிட்டிவ். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டுத்திட்டாக ஏறியிருந்தால் கணக்கில் வராது. இந்தச் சோதனை எச்பிவிக்கு அடையாளமாவது டான்சில், அடிநாக்கு, மென்அண்ணம் அடங்கிய தொண்டைப் பகுதியில்தான். நாக்கின் முன்பகுதி, கன்னம், குரல்வளைக் கட்டிகளில் பி16 பாசிட்டிவ் வந்ததை வைத்து 'வைரஸ் வகை, நல்லபடியாகக் குணமாகும்' என்று சொல்வது தவறு. தொண்டையிலும் சிலருக்கு பி16 ஒன்றைச் சொல்லும், வைரஸ் சோதனை வேறொன்றைச் சொல்லும். அதனால் சிகிச்சையைக் குறைப்பது பற்றிப் பேச்சு வந்தால், வைரஸின் இ6, இ7 ஆர்என்ஏவை நேரடியாகத் தேடும் சோதனையையும் கேட்பது நல்லது.

தொண்டைப் புற்று பற்றி 2010இல் வெளியான ஆய்வில் மூன்றாண்டு உயிர்வாழ்வு வைரஸ் வகைக்கு 82 சதவீதம், மற்றதற்கு 57. பி53 மரபணு முழுசாக இருப்பதால் ரேடியேஷனுக்கு இந்தச் செல்கள் எளிதில் மடிகின்றன என்பது ஒரு விளக்கம். ஆனால் தினம் ஒரு பாக்கெட் வீதம் பத்தாண்டுக்கு மேல் புகைத்தவர்களுக்கு இந்த அனுகூலம் குறைந்துவிடுகிறது. அனுகூலத்தை நம்பி மருந்தைக் குறைத்ததிலும் சறுக்கல் உண்டு. ரேடியேஷனோடு வழக்கமாகத் தரும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்குப் பதில், செல்லை வளரத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் என்ற புரதத்தைத் தடுக்கும் செடுக்சிமாப் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகள் 2018இல் வெளியாயின. செடுக்சிமாப் பெற்றவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். கட்டியில் ஈஜிஎஃப்ஆர் ஏராளமாக இருக்கிறது என்பதாலேயே கட்டி அதை நம்பித்தான் வாழ்கிறது என்று ஆகிவிடாது.

வெட்டிய விளிம்பு சுத்தம் என்று ரிப்போர்ட் வந்த பிறகும் புகையிலை வகை ஏன் திரும்ப வருகிறது? புகைபட்ட பரப்பு முழுவதும் கெட்ட மரபணு உள்ள செல்கள் பரவியிருக்கும். மைக்ரோஸ்கோப்பில் அவை இயல்பாகவே தெரியும். 1953லேயே ஸ்லாட்டர் குழு இதைக் 'களப் புற்றாக்கம்' என்ற கருத்தாக முன்வைத்தது. அறுவை முடிந்த பிறகும் வாய், தொண்டை முழுவதையும் தொடர்ந்து பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான்.

வைரஸ் வகையில் தவறு வேறு இடத்தில் நடக்கும். தொண்டையில் கட்டி கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்க, கழுத்து நெறி (நிணநீர்க் கணு) மட்டும் நீர்க்கட்டி போல வீங்கும். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு அப்படி வந்தால், பிறவிக் கட்டி என்று முடிவு கட்டி வெட்டுவதற்கு முன் ஊசி பயாப்சி எடுத்து, புற்றுச் செல் தெரிந்தால் பி16உம் பார்த்து, டான்சிலையும் அடிநாக்கையும் தேட வேண்டும்.