ரசீதுப் பத்திரம் ஒன்றுக்காக ஒன்றரை மாதம்

அப்பாவின் நடுக்குவாதம் முற்றுவதற்குள், அவர் பெயரிலிருக்கும் கும்பகோணத்து வீட்டுக்கு ஓர் ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்று 2023 செப்டம்பரில் நானும் அண்ணனும் முடிவு செய்தோம். இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை ஜனவரி வரை இழுத்தது. இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் வைத்துப் பார்க்கும் நிலை வந்தால், அந்தச் செலவுக்காக அவசரத்தில் வீட்டை அடமானம் வைத்தோ அடிமாட்டு விலைக்கு விற்றோ, கடைசிக் காலத்தில் அம்மா வாடகை வீடு தேடும்படி ஆகிவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை.

அப்பா சார்பில் செயல்படும் அதிகாரத்தைத் தனக்குத் தரும் பொது அதிகாரப் பத்திரம் (பவர்) ஒன்றை எழுதினால் போதும் என்றார் அண்ணன். வழக்கறிஞர் மறுத்தார். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவரும் அத்தோடு முடிந்துவிடும். எந்த நாளுக்குப் பயந்து எழுதி வைக்கிறோமோ, அந்த நாளில் அது உதவாது. ஆகவே வீடு எங்கள் இருவருக்கும் செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே உரிமையை மாற்றி எழுதிக் கொடுக்கும் பத்திரம்), பெற்றோர் இருவருக்கும் ஆயுள் வரை அனுபவ பாத்தியதை, அதாவது குடியிருந்து அனுபவிக்கும் உரிமை என்று தீர்மானித்தோம்.

பத்திர எழுத்தர் கொண்டுவந்த வரைவிலோ, "இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்ற வழக்கமான வரி அப்படியே இருந்தது. ஆயுள் அனுபவம் அப்பாவுக்கு மட்டும், அம்மாவின் பெயரே இல்லை. கேட்டதற்கு, "பெற்ற பிள்ளைகள் நீங்கள், அம்மாவை வெளியே தள்ளிவிடவா போகிறீர்கள்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னமும் எனக்கு ஆறவில்லை. பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னோம். அது பத்திரத்திலேயே இருந்தால், நாங்கள் தவறும்போது 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவின் கீழ் கோட்டாட்சியர் தீர்ப்பாயத்தில் செட்டில்மெண்டை ரத்து செய்யக் கோருவது அவர்களுக்கு எளிதாகும். வரைவை வரிக்கு வரி வாசிக்காமல் முத்திரைத்தாளில் அச்சிட விடாதீர்கள்.

பத்திரப் பதிவுக்கு டோக்கன் வாங்கி, அப்பாவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வாடகைக் காரில் அழைத்துச் சென்று, மாடிப்படியில் இருவர் தாங்கி ஏற்றிய பிறகுதான், சொத்தின் மீது பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றில் 1994-ஆம் ஆண்டு அடமானம் ஒன்று உயிரோடு இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வீடு கட்டக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வாங்கிய கடன் அது. 2005-லேயே அடைத்து, பாக்கியில்லாச் சான்றும் வாங்கி, அம்மா அதைப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் அடமானக் கடன் தீர்ந்தது என்று கடன் கொடுத்தவர் எழுதித் தரும் ரசீதுப் பத்திரத்தைப் பதிவு செய்யவே இல்லை. அதற்காகப் போனபோது, சங்கத்தின் எழுத்தர் பழைய பேரேட்டைத் தேடுவதாகச் சொல்லி ஆறு வாரம் அலைக்கழித்தார். அம்மாவின் சான்றிலிருந்த கடன் எண்ணைக் காட்டிய பிறகு, பேரேடு பத்து நிமிடத்தில் கிடைத்தது. வரைவு எழுதச் சொல்வதற்கு முன்பே வீடு வாங்கிய ஆண்டிலிருந்து வில்லங்கம் போட்டுப் பார்த்திருந்தால், அப்பாவை அந்தப் படியில் ஏற்றியிருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் முறை, மருத்துவர் சான்றை இணைத்து, வீட்டுக்கே வந்து பதிவு செய்யும்படி விண்ணப்பித்தோம். பதிவுச் சட்டத்தில் அதற்கு இடமிருப்பதை முதல் முறை யாருமே சொல்லவில்லை. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட் என்பதால் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் இரண்டுமே மதிப்பில் தலா 1 சதவீதம்தான். 2023 ஜூலையிலிருந்து உச்சவரம்பு முறையே 40,000, 10,000 ரூபாய். கைரேகை போதும் என்றார் சார்பதிவாளர். அப்பா கேட்கவில்லை. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் தானே கையெழுத்திட்டு முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. அதுவரை யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அப்பாவின் வங்கி வைப்புத்தொகையில் அம்மா பெயரைச் சேர்த்தது ஒரே நாளில் முடிந்தது. முதிர்வுக்கு முன்னால் எடுக்கவும் ஒருவர் கையெழுத்தே போதும் என்று இருவரும் அப்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் இருவர் கையெழுத்தையும் கேட்பார்கள். 2024 அக்டோபரில் அப்பாவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கியபோது, வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் முதல் மாதச் சம்பளத்துக்காக அம்மா தனியாக வங்கிக்குப் போய், தன் கையெழுத்திலேயே பணம் எடுத்து வந்தார்.