முன்னுரையில் அடிபடும் வாக்கியம்

மொழிபெயர்ப்பு நூல்களைச் செம்மையாக்குவது என் வேலை. அரசியல் கைதிகளின் எழுத்து மேசைக்கு வரும்போதெல்லாம் முன்னுரையில் ஒரு வாக்கியமும் தவறாமல் கூடவே வந்துவிடும்: ‘சிறைதான் இவரைப் படைப்பாளி ஆக்கியது.’ என் சிவப்பு மை முதலில் போவது அதன்மேல்தான்.

இந்தோனேசியாவின் பிரமூதியா அனந்த தூர் 1965இல் கைதானபோதே பேர்பெற்ற நாவலாசிரியர். அவருடைய நூலகமும் கையெழுத்துப் பிரதிகளும் அப்போது அழிக்கப்பட்டன. பிறகு புரூ தீவில், எழுதத் தாள் மறுக்கப்பட்ட காலத்தில், மனத்தில் இருந்த நாவலைச் சக கைதிகளுக்குக் கதையாகச் சொல்லிச் சொல்லியே காப்பாற்றினார். 1980இல் அது அச்சேறியது. மறு ஆண்டே தடை. அழிந்த கட்டுகளில் என்ன இருந்தது என்று முன்னுரைக்காரர்கள் கேட்பதில்லை. சிறையின் பேரில் வரவு எழுத ஆளுக்கு ஆள் முந்துகிறார்கள். பற்று எழுதத்தான் ஆளில்லை.

சோவியத் சிறை முகாமில் கவிஞர் இரினா ரதுஷின்ஸ்கயா தீக்குச்சியால் சோப்புக்கட்டியில் கவிதையைக் கீறுவார். மனப்பாடம் ஆனதும் கழுவிவிடுவார். இப்படி நினைவில் சுமந்து வெளியே வந்த கவிதை ஒன்றில், விளக்கத்துக்காக மொழிபெயர்ப்பாளர் இரண்டு வரி கூட்டியிருந்தார். ‘சோப்பில் இதற்கு இடமிருந்திருக்காது’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். அவருக்குக் கோபம்தான்; ஆனாலும் வரிகள் போய்விட்டன.

ஓவியங்கள் என்றால் வழக்கு அட்டை வடிவமைப்பாளரோடு. 1998 முதல் 2004 வரை பர்மியச் சிறைகளில் இருந்த தெய்ன் லின், கைதிகளின் துணியில் வரைந்தார். தூரிகைக்குப் பதிலாகச் சிகரெட் லைட்டரின் சக்கரம், மருந்தூசிக் குழல், செதுக்கிய சோப்பு. இப்படிப்பட்ட படங்களில் தையலையும் கறையையும் கணினியில் துடைத்துவிட்டு, ‘இப்போது பளிச்சென்று இருக்கிறது, பாருங்கள்’ என்பார்கள். துடைத்ததில் பாதிப் படம் போய்விட்டது என்று புரியவைப்பதற்குள் ஒரு மதியம் கழிந்துவிடும்.

என்னை மடக்க நினைப்பவர்கள் கூகி வா தியாங்கோவை இழுப்பார்கள். 1978இல் கென்யாவின் கமீட்டி சிறையில், கழிப்பறைக் காகிதத்தில்தானே அவர் தாய்மொழியான கிகூயூவில் தம் முதல் நாவலை எழுதினார்? உண்மைதான். ஆனால் விசாரணையே இல்லாமல் அவரை உள்ளே வைத்தது எதற்காக? அதற்கு முந்தைய ஆண்டு கிகூயூவிலேயே ஒரு நாடகம் எழுதி, ஊர் மக்களை நடிக்கவைத்து மேடையேற்றியதற்காக. அந்த மொழியோடுதான் அவர் சிறைக்குள் போனார். இப்போது கையில் இருக்கும் முன்னுரையில் இதைச் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.