வளவு வீடு வாங்கி வாடகைக்கு விடுமுன்

திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையின் பழைய தெருக்களிலும் வளவு வீடுகள் அவ்வப்போது விலைக்கு வருகின்றன. ஒரே வாசலுக்குள் மூன்று நான்கு குடித்தனம் இருப்பதால், வாடகைக்கென்று முதன்முதலில் வீடு தேடுகிறவர் கண்ணில் இவைதான் முதலில் படும். வாங்கலாம், கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு வாங்கலாம்.

ஒரு வளவு 30 லட்சம், மூன்று குடித்தனம், குடித்தனத்துக்கு மாதம் 5,000 வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,80,000 வரும். ஆறு சதவீதம் என்று தோன்றும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் பத்திரத்துக்கே போய்விடும். அது 2,70,000. மராமத்துக்கு 5 லட்சம் என்றால் போட்ட பணம் 37,70,000. வருஷத்தில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும், ஒரு மாத வாடகை வீட்டுத் தீர்வைக்கும் சில்லறை வேலைக்கும் போகும். கையில் நிற்பது 1,50,000. நாலு சதவீதத்தைக்கூட அது தொடாது. வங்கிக் கடன் எடுத்து இதில் இறங்க வேண்டாம், வாடகை வட்டியைக் கட்டாது. மராமத்துச் செலவு ஐந்தா பத்தா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை முடிவு செய்வது மட்டப்பா, அதாவது வீட்டின் மேல்தளம்.

அதற்கு முன் பத்திரம். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா ஆகியவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். வளவு வீட்டுக்குக் கூடுதலாக இரண்டு விஷயம் உண்டு. பொது நடைபாதைப் பாத்தியமும் கிணற்றுப் பாத்தியமும் பத்திரத்தில் வார்த்தையாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும். 'காலங்காலமா நடக்கோம்' என்ற பேச்சு போதாது. இன்னொன்று ஒத்தி, அதாவது மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருப்பது. வெறும் முத்திரைத்தாளில் எழுதிப் பதியாமல் விட்ட ஒத்தி வில்லங்கச் சான்றில் வராது. குடியிருப்பவரிடமே போய், வாடகையா ஒத்தியா, எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கிரயத்தொகையில் கழித்து அவருக்குக் கொடுத்துத் தீர்த்த பிறகே பதிவு.

இனி மட்டப்பா. பழைய மட்டப்பா என்பது மரக்கட்டைகளின் மேல் சுண்ணாம்பில் செங்கலைக் குத்தவைத்து, செங்கல் ஜல்லி போட்டு இடித்து, மேலே தட்டோடு என்ற தட்டையான ஓடு பதித்தது. கட்டை நடுவில் கெடுவதைவிடச் சுவருக்குள் புதைந்த முனையில்தான் முதலில் கெடும், ஈரம் அங்கேதான் தங்கும். ஏணியும் நீளமான ஸ்க்ரூ டிரைவரும் கொண்டு ஒவ்வொரு கட்டையின் இரு முனையையும் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் இறங்கினால் உளுத்துவிட்டது அல்லது கரையான் அரித்துவிட்டது. ஒன்றிரண்டு என்றால் பக்கத்தில் இரும்பு கர்டர் கொடுத்துத் தாங்கலாம். பாதிக்கு மேல் என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கான்கிரீட் தளத்தில் செய்வதுபோல் தண்ணீர் கட்டி ஒழுக்குப் பார்ப்பதை இங்கே செய்யவே கூடாது. நூறு சதுர அடியில் இரண்டு அங்குலத் தண்ணீர் 470 கிலோ கனம். அதைவிடக் கெடுதல், ஒழுகுகிறது என்று மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட் கான்கிரீட் போடுவது. அதே நூறு சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல் ஏறும். மரம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசையும், சிமெண்ட் அசையாது. ஒரே கோடையில் வெடித்து முன்னைவிட அதிகமாக ஒழுகும். வெடித்த தட்டோட்டை மட்டும் எடுத்து, சுண்ணாம்பிலேயே திரும்பப் பதித்து, பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் (சரிவு) கொடுத்து, கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலையை வளைவாகப் பூசுங்கள். ஒழுக்கு பெரும்பாலும் அந்த மூலையிலும் தண்ணீர் இறங்கும் குழாய் வாயிலும்தான். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு டன். அதைத் தளத்தில் வைக்காதீர்கள், இரண்டு சுவர்மேல் கர்டர் போட்டு வையுங்கள். தொட்டி அளவுக்குக் கணக்கு: ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் நாலு பேர் குடும்பத்துக்கு 540.

அடுத்தது ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். பட்டாசலில் (கூடத்தில்) மூன்றடி உயரத்துக்கு மட்டும் புதுப் பட்டி, புதுப் பெயிண்ட் என்றால் உள்ளே உப்பு பூத்திருக்கிறது. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். ஓதக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பைக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஒரு மாதம் காயவிட்டுச் சுண்ணாம்பே பூசுங்கள். தெருவை உயர்த்தி உயர்த்தி வீடு பள்ளத்தில் போயிருந்தால் இதுவும் நிற்காது. வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறைப் பக்கம் என்றால் 2023 டிசம்பர் வெள்ளம் எந்தப் படிவரை வந்தது என்று அடுத்த வீட்டில் கேளுங்கள்.

கக்கூஸ் குழாய் நாலு அங்குலம், பத்தடிக்கு மூன்று அங்குல வாட்டம். வயரிங் விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர். எர்த் புதிதாக இறக்கி, குடித்தனத்துக்கு ஒரு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்). இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வேலையை மாசியில் தொடங்குங்கள். பள்ளி, கல்லூரியை ஒட்டி வீடு மாறுவது வைகாசி, ஆனியில். ஆடி பிறந்துவிட்டால் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். கொத்தனார் ஆனியைத் தாண்டினால் ஆவணிவரை வாடகை இல்லை. எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியுங்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறாக எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது.