சாமிதோப்பில் அப்பாவின் தலைப்பாகை

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கன்னியாகுமரிப் பக்கத்துச் சாமிதோப்புக் கோயிலுக்குக் கூட்டி வருகிறேன் என்று அம்மா அய்யா வைகுண்டரிடம் நேர்ந்திருந்தாள். அய்யாவின் பழைய பேர் முத்துக்குட்டி; நோயில் கிடந்த அந்த மகனை வெயிலாள் அம்மை திருச்செந்தூருக்குக் கொண்டு போனாளே, அந்தத் தாயை நினைத்துத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் தைரியமாக இருந்தாளாம். 1833 மாசியில் கடலுக்குள் போன பிள்ளை வைகுண்டராகத் திரும்பி வந்தார். எங்கள் அப்பாவையும் அய்யா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரே நெரிசல். கன்னியாகுமரியில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்; வயசாளி நிற்க முடியாமல் நிற்பதைப் பார்த்தே கூலியை ஏற்றினார்கள். காணிக்கையே வேண்டாம் என்ற அய்யாவின் ஊருக்குப் போகும் வழியில் இப்படிப் பிடுங்கினால் வயிறு எரியாதா? அப்புறம் முத்திரிக் கிணற்றில் புனித நீராடிப் பதமிட்டபோதுதான் மனசு ஆறியது. அப்பா தடுமாறியதும் முன்பின் தெரியாத ஒரு பையன் தாங்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றினான். என்ன சாதி என்று யாரும் கேட்கக் கூடாதென்றுதானே அய்யா அந்தக் கிணற்றையே வெட்டினார்.

சட்டையைக் கழற்றிவிட்டு அப்பா தலைப்பாகை கட்ட உட்கார்ந்தார். கை நடுங்கியது, துணி நழுவிக்கொண்டே இருந்தது. நான் கை நீட்டினேன்.

"விடு மக்கா, நானே கெட்டுகேன்."

அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் ராஜ்யத்தில், தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட நம்மாட்கள் தலையில் துண்டு கட்டக் கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, பெண்கள் மாராப்புப் போடக் கூடாது. 'முடிசூடும் பெருமாள்' என்று பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேரைக்கூட முத்துக்குட்டி என்று மாற்ற வைத்தார்கள். அந்தப் பிள்ளைதான் அத்தனை பேரையும் தலைப்பாகையோடு தெய்வத்தின் முன்னால் வந்து நிற்கச் சொன்னார். சுவாதித் திருநாள் மகாராஜா சிறையில் அடைத்தும் அவர் அசையவில்லை.

கருவறையான பள்ளியறையில் விளக்கொளிக்கு நடுவே, சிலைக்குப் பதிலாக, கண்ணாடி. அதில் அப்பா தெரிந்தார்: ஒரு பக்கம் சாய்ந்த காவித் தலைப்பாகை, நெற்றியில் திருநாமம், நெஞ்சில் நெட்டுக்குத் தையல் தழும்பு. "அய்யா உண்டு" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு இவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பின்னால் நகரச் சொல்லித் தள்ளினார்கள். அம்மா கண்ணீரோடு அப்படியே நின்றாள்.

அய்யா, கேட்டதைக் கொடுத்துவிட்டீர். வருகிற வைகாசித் தேருக்கும் இவரை உம் வாசலில் கொண்டு வந்து நிறுத்தும்.